முதல் பந்தியில் உட்காருங்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களிலும் காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் அந்த அறிவுரை வந்துவிடும். பண்டிகைக் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி? இனிப்பைக் குறையுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை அளவோடு சாப்பிடுங்கள். சின்னத் தட்டில் பரிமாறிக்கொள்ளுங்கள். மெதுவாக மென்று தின்னுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மறுநாள் அரைமணி நேரம் கூடுதலாக நடங்கள்.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவளைப் பார்க்காமலே சொல்லப்படுகிறது என்பதுதான் என் புகார். எதிரே தட்டு, தட்டு நிறையப் பலகாரம், கையில் நேரம், நாக்கில் சபலம் என்று உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை அது கற்பனை செய்துகொள்கிறது. தீபாவளியன்று நம் வீடுகளில் அப்படி ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது?

அவள் வேலை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்து, அதிரசத்துக்குப் பாகு வைக்க வேண்டும். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா என்று ஒவ்வொன்றாகச் சுட்டு டின்னில் போட வேண்டும். முந்தின நாள் வீட்டைக் கழுவி, இட்லிக்கு மாவாட்டி வைக்க வேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் முன் எழுந்து எண்ணெய் காய்ச்சி, வெந்நீர் போட்டு, ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்து, சாமி கும்பிட்டு, இட்லி அவித்து, கறிக்குழம்பு வைத்து, வடை சுட்டு, எல்லோருக்கும் பரிமாறி முடிப்பதற்குள் மதியச் சமையலுக்கு நேரமாகிவிடும். ரம்ஜான் மாதத்தில் சஹருக்கு எல்லோருக்கும் முன் எழுவதும் அவள்தான். கிறிஸ்துமஸுக்குக் கல்கல்லும் அச்சு முறுக்கும் சுட்டு, விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்து, நேராக அடுப்படிக்குள் நுழைவதும் அவள்தான். சாமிகள் வேறு, அடுப்படி ஒன்றே.

இவளிடம் போய் "மெதுவாக மென்று தின்னுங்கள்" என்கிறோம்.

நம் அம்மாக்களும் அத்தைகளும் பண்டிகை நாளில் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எண்ணெய் வாசனையிலேயே எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு." நாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறோம். வாசனையில் யாருக்கும் வயிறு நிறையாது. மூன்று மணிநேரம் வாணலிக்கு முன் நின்றால் குமட்டும், பசி மரத்துப்போகும், சாப்பாட்டை நினைத்தாலே வேண்டாம் என்றிருக்கும். நடுவில் இரண்டு மூன்று டம்ளர் காபி உள்ளே போயிருக்கும். பதம் பார்க்கவென்று ஒரு வடைத்துண்டு, உடைந்துபோன முறுக்கு, உதிர்ந்த பூந்தி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், ஆறிய இட்லி இரண்டும் சட்டியில் ஒட்டிய குழம்பும். பிறகு இரவில், வீடு அடங்கியபின், பசி ஒரேயடியாகத் திரும்பிவரும். அப்போது கைக்கெட்டுவது பலகார டின் மட்டுமே. அதில் நாலு எடுத்துத் தின்றால் அதற்குப் பெயர் நாக்கை அடக்கத் தெரியாதது. அவளுடைய கட்டுப்பாட்டைக் கேள்வி கேட்கிற யாரும் அவளுடைய காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்பதில்லை.

கறிக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். அசைவம் சாப்பிடும் பெரும்பாலான தமிழ் வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். கறியின் விலைக்கு ஒன்றரைக் கிலோ எடுத்தால் அதிகம். வீட்டில் எட்டுப் பேர். துண்டுகள் எப்படிப் பங்காகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நல்லி எலும்பு அப்பாவுக்கு. ஈரல் பையனுக்கு. கெட்டியான துண்டுகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு. கடைசியாக உட்காருகிறவளுக்குக் குழம்பும் எலும்பும் மிஞ்சும். யாரும் அவளுக்குக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போடவில்லை. கடைசியில் உட்காருவது என்ற ஏற்பாடே அந்த வேலையைச் செய்துமுடித்துவிடுகிறது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. மாதவிடாயும் பிரசவமும் பெண்ணுக்கு இரும்புச்சத்தின் தேவையைக் கூட்டுகின்றன என்பது உண்மை. அப்படியானால் இரும்புச்சத்து மிகுந்த ஈரல் முதலில் யார் தட்டுக்குப் போக வேண்டும்? சுவரொட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஊற வேண்டியது யாருக்கு என்ற கேள்வி வரும்போது மட்டும் அந்த அறிவு வேலை செய்வதில்லை. சைவ வீடுகளிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. பருப்பும் கீரையும் பொரியலும் முதல் பந்தியில் தீர்ந்துபோகும். இரண்டாம் பந்திக்குச் சோறும் ரசமும் ஊறுகாயும் இருக்கும். அதற்குமேல் சாப்பிட்ட கையோடு ஒரு காபி. காபியும் டீயும் உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். களைப்புக்கு அவளிடம் இருக்கும் ஒரே மருந்து அதுதான் என்பதால் அதையும் விட முடிவதில்லை. பண்டிகைக் கால ஆரோக்கியம் என்று பேசுகிறவர்கள் இனிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். ரத்தசோகை உள்ள பெண்ணுக்குப் பண்டிகையில் குறைவது என்ன என்று யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

சர்க்கரை நோயைப் பற்றியாவது சரியாகப் பேசுகிறார்களா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் அடுப்படியில் நிற்கும் பெண்கள் எத்தனை எத்தனை பேர். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. அந்த வகை மாத்திரையைப் போட்டபின் சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். ஒரு தீபாவளியன்று அம்மா வழக்கம்போல ஏழரைக்கு மாத்திரை போட்டார். பத்தரை வரை பரிமாறிக்கொண்டிருந்தார். பிறகு கை நடுங்கி, புடவை நனையும் அளவுக்கு வேர்த்து, சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை கரைத்துக் கொடுத்தபிறகுதான் பேச்சு வந்தது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் கேட்டது இது: "என்னம்மா, தீபாவளிக்கு வாயைக் கட்டலையா?" அம்மா சிரித்து மழுப்பினார். அன்றைக்கு வாயைக் கட்டியதால்தான் அவர் விழுந்தார் என்பதைச் சொல்லும் இடம் அந்த அறையில் இல்லை. சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்குப் பண்டிகையின் ஆபத்து என்றால் லட்டு மட்டுமே என்று முடிவுசெய்துவிட்டார்கள். தாமதமும் ஒரு ஆபத்து. அதை யார் உண்டாக்குகிறார்கள் என்று கேட்டால் பதில் அவள் நாக்கில் இருக்காது, அவளுக்கு முன் பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் இருக்கும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆரோக்கியப் பலகாரம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையடுத்து தினை லட்டு, கம்பு முறுக்கு, ராகித் தட்டை இல்லாத தீபாவளிச் சிறப்பிதழ் இல்லை. சிறுதானியம் நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தாத்தாவுக்குப் பழைய ருசியில் அதிரசம் வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, அவருக்குத் தனியாக இனிப்பில்லாத ஒன்று. ஜிம்முக்குப் போகும் மகனுக்கு நிலக்கடலையும் பேரீச்சையும் போட்டு ஒரு உருண்டை. சின்னக் குழந்தைக்குக் காரமில்லாத முறுக்கு. இத்தனை பேருடைய ஆரோக்கியமும் ஒரே ஒருத்தியின் இடுப்பு வலியாக இறங்குகிறது. சாப்பிட்டு வயிறு கெட்டால் என்ன செய்வது என்பதையும் நம் மரபு யோசித்து வைத்திருக்கிறது. தீபாவளி லேகியம். சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் இடித்து, வெல்லம் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிண்ட வேண்டும். அதையும் கிண்டுகிறவள் அவளே. ஆண்கள் அளவுக்குமீறித் தின்பதற்கான மருந்தை முன்கூட்டியே பெண்களின் வேலைப் பட்டியலில் சேர்த்துவைத்த ஒரே பண்பாடு நம்முடையதாக இருக்கக்கூடும்.

அத்தோடு மற்றவர்களின் வாய்க்கும் அவளே காவல். "சுகர் இருக்கிற மனுசனுக்கு ஏன் ஜாங்கிரியை எடுத்துக் கொடுத்தே?" என்று நாத்தனார் கேட்பது அண்ணியிடம்தான். ஐம்பத்தைந்து வயது ஆண் தன் கையால் எடுத்து, தன் வாயால் தின்ற ஜாங்கிரிக்கு அவன் மனைவி பொறுப்பு. அவன் கொழுப்பும் அவள் தவறு, அவள் கொழுப்பும் அவள் தவறு.

இளம்பெண்களுக்கு இதில் வேறொரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடுதியிலிருந்து லீவுக்கு ஊருக்கு வரும் மாணவிகள் என்னிடம் சொல்வதுண்டு: பையை இறக்கிவைத்த அரைமணி நேரத்தில் கையில் முறுக்கு அச்சு வந்துவிடுகிறது, கூடவே வந்த தம்பிக்கு ரிமோட். பிறகு உறவினர்கள் வருகிறார்கள். ஒரே அத்தை ஒரே மூச்சில் "நல்லா சாப்பிடுடி, நம்ம வீட்டு அதிரசம்" என்று தட்டில் இரண்டு வைத்துவிட்டு, "என்ன இப்படிக் குண்டாயிட்டே, மாப்பிள்ளை பாக்கணும்ல" என்றும் சொல்கிறார். ஒல்லியாக இருந்தால் அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. சாப்பிட்டால் கூச்சம், மறுத்தால் திமிர். அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் பண்டிகைக்குப் பின் பத்து நாளில் இடை குறைக்கும் வழி காத்திருக்கிறது. தன் உடம்பை அடுத்தவர் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குப் பண்டிகையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆரோக்கியம் என்ற சொல்லுக்குள் எத்தனை பங்கு கல்யாணச் சந்தை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த உணவு அறிவுரையையும் ஏற்காதீர்கள் என்று மாணவிகளுக்குச் சொல்வேன்.

விரதங்களையும் விட்டுவைக்க முடியாது. தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி விரதம் வருகிறது. அன்றைக்கு 21 அதிரசம் சுட்டுப் படைக்கும் வீடுகள் உண்டு. சாப்பிடாதவள் சுட வேண்டும். ஆவணியை ஒட்டி வரலட்சுமி நோன்பு, மாசி பங்குனிக் கணக்கில் காரடையான் நோன்பு. கணவன் ஆயுளுக்கு மனைவி பட்டினி கிடக்க நாள் குறித்த பஞ்சாங்கத்தில், மனைவியின் ஆயுளுக்குக் கணவன் ஒரு வேளைச் சோற்றை விட்ட நாள் எது என்று தேடிப் பாருங்கள். பக்தியோடு விரதமிருக்கும் பெண்ணை நான் கேலி செய்யவில்லை. அவள் வருடம் முழுக்க யாரும் தராத அரைநாள் தனிமையை அந்த விரதத்தில் பெறுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ரத்தசோகையோடும் மாத்திரையோடும் இருப்பவளை "எங்க வீட்டு வழக்கம்" என்று பட்டினி போடுவது வழிபாடு ஆகாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுப்படியின் பின்வாசலைப் பார்க்காமல் போனால் இது நடுத்தர வர்க்கப் பெண்ணின் புலம்பலாகவே நின்றுவிடும். பின்வாசல் வழியாக வருகிறவர் பாத்திரம் தேய்க்கும் அக்கா. தீபாவளியன்றும் "ஒரு நடை வந்துட்டுப் போயிடு" என்று அழைக்கப்படுகிறவர். தன் வீட்டு இட்லியைத் தன் பிள்ளைகளுக்கு ஊற்றிவைத்துவிட்டு, நாலு வீட்டு எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்க்க ஓடிவருகிறவர். நான்காம் நாள், வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு திகட்டி, ஆரோக்கிய ஞானம் பிறக்கும். அப்போது டின்னில் மிச்சமிருப்பதெல்லாம் அவர் பைக்குப் போகும். "எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர், நீ எடுத்துட்டுப் போ." அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. உழைக்கிற உடம்புக்கு எதுவும் ஆகாது என்று வசதியாக நம்பிக்கொள்கிறோம். நம் வீட்டுக்கு ஆகாத எண்ணெயும் சர்க்கரையும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும் என்றால், அந்தக் கொடைக்குள் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன. அவருக்கு உரியது சம்பளத்தோடு விடுமுறை, போனஸ், சுட்ட அன்றைக்கே ஒரு பங்கு. நம் தட்டைப் பற்றிப் பேசும் உரிமை இதைச் செய்தபிறகே நமக்கு வருகிறது.

இதைப் பேசினால் மூன்று பதில்கள் வரும். முதல் பதில்: சமைப்பது பெண்களுக்குச் சந்தோஷம், அதை ஏன் கெடுக்கிறீர்கள்? சந்தோஷம் இருக்கிறது. நாலு பெண்கள் கூடிக் கதை பேசிக்கொண்டே முறுக்குப் பிழிவதில் உள்ள சிரிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு அவர்கள் ஏன் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடக்கூடாது?

இரண்டாவது: கடையில் வாங்கிவிடலாமே. வாங்கலாம், காசிருந்தால். லட்டு கடையிலிருந்து வரும். மூன்று வேளைச் சாப்பாடும், பரிமாறலும், எச்சில் தட்டும் கடையிலிருந்து வராது.

மூன்றாவது: இப்போதெல்லாம் நாங்களும் உதவுகிறோமே. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகச் சொன்னது. அந்த 97 நிமிடமும் ஏதாவது ஒரு வீட்டுவேலை செய்யும் ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். ஆண் கைக்குச் சமையல் வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நல்ல சமையலுக்கு நளபாகம் என்று ஆண் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். கூலி கொடுத்தால் வரும் கை, வீட்டுக்குள் நுழைந்ததும் விளங்காமல் போவது எப்படி?

ஆகவே பண்டிகைக் கால ஆரோக்கியத்துக்கு என் தரப்பிலிருந்தும் சில அறிவுரைகள். முதல் பந்தியில் உட்காருங்கள். எல்லோரும் உட்கார இடமில்லை என்றால் சமைத்தவர்கள் முதலில் உட்காரட்டும். மாத்திரை போடுகிறவருக்கு மாத்திரையின் நேரமே சாப்பாட்டின் நேரம், பந்தி அதற்காகக் காத்திருக்கட்டும். கறியை அடுப்பிலிருந்து இறக்கியதும் சமமாகப் பங்கிடுங்கள், ஈரல் ரத்தம் குறைந்தவருக்கு. எத்தனை பலகாரம் என்பதைச் சுடுகிறவர் முடிவு செய்யட்டும். ஆறு வகை வேண்டும் என்பவர் மூன்றைச் சுடட்டும். தனக்கென்று தனிப் பலகாரம் கேட்கிறவர் அதைத் தானே செய்துகொள்ளட்டும். யார் உடம்பைப் பற்றியும் யாரும் கருத்துச் சொல்லாத வீடாக ஒரு நாளாவது இருக்கட்டும். காபியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள், உட்கார்ந்து குடியுங்கள்.

இதையெல்லாம் செய்தபிறகு லட்டு ஒன்றா இரண்டா என்று பேசலாம். அதற்கு முன் பேசுவது, நாள் முழுக்கப் பசியோடு நிற்கிறவளிடம் பசியை அடக்கச் சொல்வது.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவை மாற்றப்போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நாற்பது வருடப் பழக்கம், உட்காரச் சொன்னால் "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பார். வாக்குவாதம் வேண்டாம். இந்தத் தீபாவளிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும்போது அவருக்குத் தட்டு வையுங்கள், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். இரண்டாவது ஈட்டை அண்ணன் ஊற்றட்டும்.